உறைகட்டிக்குள் மருந்து நுழையும் வழி

காயம் பட்ட இடத்தில் குருதி உறைந்து நிற்பது இயற்கை நமக்களித்த காவல். அதே உறைகட்டி இருதயத்தின் இரத்தக் குழாயில் தோன்றிவிட்டாலோ, காவலே காலனாகி விடுகிறது. அதைக் குறித்து நம் குடும்பங்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்றை இம்மாதம் எடுத்துரைக்க விழைகிறோம்.

உறைகட்டியைக் கல் போன்றதோர் அடைப்பு என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது ஒரு வலை. ஃபைப்ரின் என்னும் புரத நூல்கள் பின்னிக்கொள்ள, தட்டணுக்களும் சிவப்பணுக்களும் இடையே சிக்கிக் கிடக்கின்றன. இடைவெளிகளில் நீர்மம் நிறைந்திருக்கிறது. அதன் வழியே சுற்றியுள்ள குருதியிலிருந்து பொருள்கள் உள்ளே செல்கின்றன. உள்ளிருந்து வெளியேயும் வருகின்றன. தட்டணுக்கள் உமிழும் இரசாயனங்கள் வெளியே கசிந்து, ஓடும் குருதியிலுள்ள பிற தட்டணுக்களை அழைத்துச் சேர்த்துக்கொள்கின்றன, கட்டி வளர்கிறது. அது கரையும்போது ஃபைப்ரின் துணுக்குகள் குருதியில் கலக்கின்றன. 'டி-டைமர்' பரிசோதனையில் மருத்துவர் அளப்பது இத்துணுக்குகளையே.

கட்டியைக் கரைக்கும் மருந்தும் இவ்வழியாகத்தான் நுழைய வேண்டும். 1933-ல் அமெரிக்க மருத்துவர் வில்லியம் டில்லெட் வெளியிட்ட கண்டுபிடிப்பிலிருந்து பிறந்த ஸ்ட்ரெப்டோகைனேஸ், இம்மருந்துகளில் மூத்தது. குருதியிலுள்ள பிளாஸ்மினோஜென் என்னும் பொருளைத் தூண்டி, ஃபைப்ரின் நூல்களை அறுக்கச் செய்வது இதன் பணி.

ஆனால் குழாய் முற்றும் அடைபட்டால் அங்கே ஓட்டம் ஏறக்குறைய நின்றுவிடும். அசையாத நீரில் சர்க்கரை பரவுவதுபோல மருந்து மெல்ல மெல்ல ஊடுருவ வேண்டியதாகிறது. இவ்வாறு பரவும் பொருள் 10 மடங்கு தூரம் செல்ல 100 மடங்கு நேரம் பிடிக்கும். எனவே கட்டி முகப்பிலிருந்து அடுக்கடுக்காகவே கரைகிறது.

நேரம் செல்லச் செல்லத் தட்டணுக்கள் நூல்களை இழுத்துச் சுருக்குகின்றன. வலையின் கண்கள் குறுகுகின்றன. சிவப்பணுக்கள் நசுங்கி நெருங்குகின்றன. புதிய கட்டியில் எளிதில் புகும் மருந்து, பழைய கட்டியின் வாயிலில் தயங்கி நிற்கிறது. இதற்கிடையே குருதி கிட்டாத இருதயத் தசையும் மடிந்துகொண்டிருக்கிறது. முதல் சில மணி நேரங்களே பொன்னானவை; 12 மணி நேரம் கடந்தால் இம்மருந்தால் விளையும் பயன் மிகக் குன்றிவிடும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் முதலிய இடங்களில் இரவும் பகலும் உழைப்போர் நம் குடும்பங்களில் பலர். நெஞ்சில் பாரம் தோன்றினால் "வாயுப் பிடிப்புதான்" என்று சோடா பருகி, ஷிப்டு முடியட்டும் எனக் காத்திருக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. சென்னையின் பெரிய மருத்துவமனைகளோ அங்கிருந்து ஏறக்குறைய 45 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. பயணத்திற்கே நேரம் வேண்டியிருக்க, தயக்கத்திற்கும் நேரம் கொடுக்கலாமா?

2023-ல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகள் முதலுதவியாக வழங்கப்படுகின்றன. முதல் இரண்டும் புதிய தட்டணுக்கள் கட்டியோடு சேர்வதைத் தடுக்கும். உள்ள கட்டியைக் கரைக்கமாட்டா. ஆதலால், வலி தணிந்ததென்று அங்கிருந்தே வீடு திரும்புவது தவறு.

நெஞ்சு அழுத்தம், இடக்கையிலோ தாடையிலோ பரவும் வலி, காரணமற்ற வியர்வை, மூச்சுத் திணறல் இவற்றுள் எது கண்டாலும் உடனே 108-ஐ அழையுங்கள். நீரிழிவு உள்ளோர்க்கு வலியே தெரியாமலும் போகலாம். வீட்டுப் பெரியோர் "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்றால், அன்போடு மறுத்து உடனே புறப்படச் செய்யுங்கள். வலையின் கண்கள் திறந்திருக்கும்போதே மருந்து அங்கே போய்ச் சேரட்டும்.