ஒரு பிடி அரிசியின் கணக்கு

மிசோ மொழியில் ‘புஃபாய்’ என்றால் அரிசி. ‘தாம்’ என்றால் கைப்பிடி. இரண்டையும் சேர்த்தால் நமக்குத் தெரிந்த பிடி அரிசிதான். மொழிபெயர்ப்பவருக்கு இவ்வளவு சுலபமாகச் சொற்கள் வாய்ப்பது அபூர்வம். ஆனால் மிசோரமில் இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு திருச்சபையின் நிதி வரலாறே இருக்கிறது.

முறை மிக எளிது. உலைக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் வீட்டுப் பெண் ஒரு பிடியைத் தனிப் பாத்திரத்தில் போட்டுவைப்பார். சேர்ந்த அரிசி சபைக்குப் போகும். சபை அதை விற்றுப் பணமாக்கும். 1910-ஐ ஒட்டி பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் தொடங்கிய வழக்கம் இது. மிஷனரிகள் அங்கே தங்கிப் பணி தொடங்கியது 1894-ல்தான். மலைச்சரிவில் காடு திருத்தி நெல் விதைத்தவர்களிடம் ரொக்கம் ஏது? அரிசி இருந்தது. அதைக் கொடுத்தார்கள்.

இந்த யோசனை மிசோக்களுக்கு மட்டும் தோன்றியதல்ல. 19-ஆம் நூற்றாண்டிலேயே கேரளத்தில் சாவறை குரியாக்கோஸ் ஏலியாஸ் அடிகள், ஏழைப் பிள்ளைகளின் மதிய உணவுக்காகப் ‘பிடியரி’ திரட்டச் செய்தார். ஆனால் அதை ஒரு நூற்றாண்டுக்கு மேல் விடாமல் நடத்திக் காட்டியவர்கள் மிசோ பெண்கள்.

அதன் அருமை 1960-களில் தெரிந்தது. 1966-ல் மிசோ கிளர்ச்சி வெடித்தது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் வேல்ஸ் நாட்டு மிஷனரிகள் வெளியேற வேண்டியதாயிற்று. வெளிநாட்டுக் கையை நம்பியிருந்த சபையானால் அன்றே படுத்திருக்கும். இது நிமிர்ந்து நின்றது. மிஷனரிகள் 1928-ல் தொடங்கிய துர்த்லாங் மருத்துவமனையைச் சபையே நடத்துகிறது. பிற மாநிலங்களுக்குத் தன் செலவில் ஊழியர்களையும் அனுப்புகிறது.

அரிசியோடு தசமபாகமும் உண்டு. அதை மூன்று இனங்களாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள்: பொதுத் திருப்பணிக்கு, வெளியூர் ஊழியத்துக்கு, உள்ளூர்ச் சபைக்கு. எதற்கு எவ்வளவு என்பதைக் கொடுப்பவரே முடிவு செய்யலாம். போதகரின் சம்பளம் உள்ளூர் உண்டியலிலிருந்து வருவதில்லை. தலைமை அமைப்பான சினட் தருகிறது. அதனால் வசதியான பேட்டைக்கு வசதியான போதகர், வறிய கிராமத்துக்கு வறிய போதகர் என்ற நிலை இல்லை. பெருந்தொகை கொடுப்பவர் போதகரைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளவும் முடியாது. தாராளமாகக் கொடுங்கள் என்று பிரசங்கிப்பதைவிட, கொடுத்தது எங்கே போகிறது என்று காட்டுவதே மக்களின் கையைத் திறக்கும்.

இத்தனை நல்லதைச் சொன்னபின் உறுத்தலையும் சொல்லத்தான் வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி மிசோரமில் 87 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள். அண்டை வீட்டார் எல்லோருமே சபையார் என்றால், கொடுக்காத வீடு தனித்துத் தெரியும். மனமுவந்து கொடுப்பதற்கும் ஊர் வாய்க்குப் பயந்து கொடுப்பதற்கும் இடையே உள்ள கோட்டை எந்த ரசீதும் காட்டாது. மாதக் கடைசியில் கைமாற்று வாங்கும் குடும்பத்துக்குத் தசமபாகம் பாரம்தான். ஆலயங்களை இத்தனை பிரம்மாண்டமாகக் கட்ட வேண்டுமா என்ற கேள்வி மிசோக்களிடமிருந்தே எழுந்திருக்கிறது.

இன்னொரு கேள்வி அதைவிடப் பழையது. பிடி அரிசியை எடுத்துவைத்தது பெண்ணின் கை. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டபின் மிச்சமிருந்தால் சாப்பிடுபவளுடைய கை. ஆனால் அந்தப் பணத்தை எப்படிச் செலவிடுவது என்று தீர்மானிக்கும் மூப்பர்களின் மேசையில் நெடுங்காலம் ஆண்களே உட்கார்ந்தார்கள். இறையியல் படித்த பெண்களுக்கும் பல பத்தாண்டுகள் குருப்பட்டம் மறுக்கப்பட்டது. அரிசி வாங்கும்போது பார்க்காத பால் வேற்றுமையை அதிகாரம் தரும்போது மட்டும் பார்ப்பது என்ன நியாயம்?

பிடி அரிசியின் பெருமை அதன் அளவில் இல்லை. பணக்காரன் கைக்கும் ஏழை கைக்கும் அள்ளும் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். அந்தச் சமத்துவம் கொடுப்பதோடு நின்றுவிடாமல், கணக்குக் கேட்கும் உரிமையிலும் தீர்மானிக்கும் உரிமையிலும் தொடர வேண்டும். எந்த மதத்தின் உண்டியலுக்கும் இது பொருந்தும்.