கூரை யாருடையதோ, திருத்தும் பொறுப்பும் அவருடையதே!



லயத்துக் கூரை ஒழுகுகிறது என்று ஆபீசுக்குப் போனால் கிடைக்கும் பதில் நம் எல்லோருக்கும் மனப்பாடம். "தகரம் வந்தா குடுக்கிறோம், நீங்களே அடிச்சிக்கங்க." இப்போது அதோடு இன்னோர் உபதேசமும் சேர்ந்திருக்கிறது. "சோலார் போடுங்க, கரண்ட் பில்லே இல்லாம போயிடும்." தவணைக்குப் பூட்டித் தருகிறோம் என்று லயத்து வாசலுக்கே ஆட்கள் வருகிறார்கள்.

ஓட்டைத் தகரத்தை மாற்றுவதும் தொழிலாளியின் தலையில். அந்தத் தகரத்தின் மேல் கடன்பட்டுச் சோலார் பூட்டுவதும் தொழிலாளியின் தலையில். கூரையின் சொந்தக்காரருக்கு மட்டும் ஒரு பொறுப்பும் இல்லை. இந்தக் கணக்கை நாம் ஏற்க மாட்டோம்.

லயம் யாருடையது?

நான்கு ஐந்து தலைமுறையாகக் குடியிருந்தாலும் லயக் காம்பரா நம்முடையது அல்ல. உறுதி நம் கையில் இல்லை. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் 22 பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டபோது தேயிலை மலை, தொழிற்சாலை, பங்களா எல்லாவற்றோடும் லயங்களும் சேர்ந்தே கைமாறின. காம்பராவுக்குப் பின்னால் ஒரு குசினியை இறக்கிக் கட்டவும் துரையிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. கேட்காமல் கட்டினால் உடைக்கச் சொல்கிறார்கள். அப்போது லயம் தோட்டத்துச் சொத்து. மழை பெய்து ஒழுகும்போது மட்டும் அது "உங்க வீடு"!

வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்கூட இப்படிச் சொல்லவில்லை. லயங்களையும் அவற்றின் சுற்றுப்புறத்தையும் சுகாதாரமான நிலையில் வைத்திருப்பது தோட்டத் துரையின் கடமை என்று 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் எழுதி வைத்தது. தொழிலாளி மேல் இருந்த அன்பினால் அல்ல. நோயில் படுத்தவன் மலைக்கு வரமாட்டான் என்பதால். நூறு வருடத்துக்கு மேல் கழிந்தபின் நமக்குச் சொல்லப்படுவது, "நீங்களே அடிச்சிக்கங்க."

"நீங்களே" என்பதன் விலை

தகரத்தைக் கொடுத்தால் வேலை முடிந்துவிடுமா? தகரத்தைத் தாங்கும் கைமரமும் ரீப்பையும் உளுத்துக் கிடக்கின்றன. ஆணி, வாஷர், முகட்டுத் தகரம் எல்லாம் டவுனில் காசு கொடுத்து வாங்க வேண்டும். தச்சனைக் கூப்பிட்டால் அவருக்கு நாட்கூலி. நாமே ஏறினால் அன்றைக்குப் பேர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஏறினால் ஓய்வு இல்லை. ஆண் துணை இல்லாத வீட்டில், வயதானவர்கள் மட்டும் இருக்கிற காம்பராவில் யார் ஏறுவது?

ஏறியவர் விழுந்தால் என்ன நடக்கும்? வேலையின் காரணமாக, வேலையின்போது ஏற்படும் விபத்துக்குத்தான் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் நட்டஈடு தருகிறது. தோட்டம் சம்பளம் கொடுத்து அனுப்பிய தச்சன் லயக் கூரையிலிருந்து விழுந்தால் அது வேலை விபத்து. அதே கூரையில் அதே தகரத்தை மாற்ற நீங்கள் ஏறி விழுந்தால், "அவரா ஏறினாரு, அவரா விழுந்தாரு" என்று கதை முடிந்துவிடும். ஆகவே "நீங்களே" என்ற ஒரு சொல்லால் நிர்வாகம் மிச்சம் பிடிப்பது தச்சனின் கூலியை மட்டுமல்ல, நம் உயிரின் விலையையும்தான்.

ஹட்டனிலிருந்து தலவாக்கலைப் பக்கம் ரயிலில் போகிறவர்கள் பச்சை மலையைப் படம் பிடிக்கிறார்கள். அந்தப் படத்திலேயே லயங்களும் விழும். தகரம் காற்றில் பறக்காமலிருக்க மேலே கல்லும் பழைய டயரும் மண்மூட்டையும் ஏற்றி வைத்திருப்பதை யாரும் பார்க்கலாம். தேர்தல் வந்தால் வேறு கட்சிக்காரர்கள் ஆளுக்கு நாலு தகரம் கொண்டுவந்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். நாலு தகரம் ஒரு காம்பராவையும் மூடாது. அதை வாங்கியவர் அடுத்த தேர்தல் வரை வாய் திறக்கக் கூடாது என்பதே அந்தத் தகரத்தின் விலை.

சோலார்: கணக்கைப் பாருங்கள்

சூரிய மின்சாரத்துக்கு நாம் எதிரி அல்ல. மின் கட்டணம் நம்மை வாட்டியதை மறக்கவும் இல்லை. 2022 ஆகஸ்டுக்கு முன், மாதம் 30 அலகுக்குள் பாவித்த வீட்டுக்கு ஓர் அலகு 2 ரூபா 50 சதம், நிலையான கட்டணம் 30 ரூபா. 2023 பெப்ரவரியில் அதே அலகு 30 ரூபா, நிலையான கட்டணம் 400 ரூபா. பின்னர் குறைத்தார்கள், பழைய இடத்துக்கு இறக்கவில்லை. இந்த வேதனையைக் காட்டித்தான் நம்மிடம் சோலார் விற்கப்படுகிறது. கையெழுத்து வைக்குமுன் நான்கு விடயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, தேவை. ஒரு கிலோவாட் சோலார் நல்ல வெயிலில் மாதம் ஏறக்குறைய 100 அலகு தரும். மூடுபனியும் மரநிழலும் உள்ள மேல்மலைத் தோட்டங்களில் அதைவிடக் குறையும். நாலு பல்பும் ஒரு டீவியும் போனும் இஸ்திரிப்பெட்டியும் உள்ள காம்பராவுக்கு 60 அலகே போதும். குறைவாகப் பாவிப்பவருக்கு அலகின் விலையும் குறைவு. ஆகவே மிச்சமாவது சிறு தொகை, மாதத் தவணையோ பெருந்தொகை. மிஞ்சிய மின்சாரத்தை விற்கலாம் என்பார்கள். 2016இல் "சூரிய பல சங்கிராமய" திட்டம் தொடங்கியபோது முதல் 7 வருடங்களுக்கு அலகுக்கு 22 ரூபா என்றார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்கான விலை அதன்பின் மாறிவிட்டது. பழைய விலையைக் காட்டி வருகிறவரை நம்பாதீர்கள்.

இரண்டாவது, பெயர். மின்மானி யார் பெயரில் இருக்கிறதோ அவரோடுதான் சோலார் ஒப்பந்தம். அது தோட்டத்தின் பெயரில் இருந்தால் கடன் உங்களுக்கு, மின்சாரத்துக்கு வருகிற பணம் வேறொருவருக்கு. உங்கள் பெயரில் இருந்தாலும் கூரை உங்களுடையது அல்ல. நாளைக்குக் காம்பராவை விடச் சொன்னால் 20 வருட ஒப்பந்தத்தை எங்கே கொண்டுபோவது?

மூன்றாவது, பாரம். ஒரு தகடு 20 கிலோவுக்கு மேல். அதற்கு இரும்புச் சட்டம் வேறு. தகடு 25 வருடம் இருக்கும் என்கிறார்கள். துருப்பிடித்த தகரமும் உளுத்த கைமரமும் அத்தனை வருடம் இருக்குமா? லயத்துக்கு ஒரே நீளக் கூரை. ஒரு காம்பராவுக்குப் பூட்டத் துளைத்தால் பக்கத்துக் காம்பராவும் ஒழுகும். பிறகு சண்டை அடுத்த வீட்டுக்காரரோடு, நிர்வாகத்தோடு அல்ல.

நான்காவது, இருட்டு. பற்றரி இல்லாத சோலார், வெளி மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவருக்கு ஷொக் அடிக்காமலிருக்க அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பகல் நேரத்தில் நாடெங்கும் மின்சாரம் நின்றது. பற்றரி இல்லாமல் சோலார் போட்ட வீடுகளிலும் அன்று மின்சாரம் இல்லை. மரம் விழுந்து கரண்ட் போகும் நம் மலைகளில் இதை யாரும் வாசலில் வந்து சொல்வதில்லை.

யாருக்கு மானியம், யாருக்குத் தவணை?

தோட்டத் தொழிற்சாலைக் கூரைகளில் சோலார் ஏறுவதைப் பார்க்கிறோம். அங்கே கம்பனி முதலில் கூரையைப் பலப்படுத்துகிறது, பிறகுதான் தகடு. நாட்டிலுள்ள 5000 மதத் தலங்களுக்கு இந்தியாவின் 1 கோடி 70 லட்சம் டொலர் நன்கொடையில் தலா 5 கிலோவாட் சோலார் பூட்டும் திட்டம் 2025 ஏப்ரலில் தொடக்கி வைக்கப்பட்டது. கோயிலுக்கும் விகாரைக்கும் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் கிடைத்ததில் நமக்கு மகிழ்ச்சியே. கடனில்லாமல் கொடுக்க வழி உண்டு என்பதை அது காட்டிவிட்டது. அப்படியானால் தொழிலாளிக்கு மட்டும் ஏன் தவணை?

நம் கோரிக்கைகள்

1. லயக் கூரைகளை நிர்வாகமே தன் செலவில், சம்பளம் கொடுத்த ஆட்களைக் கொண்டு திருத்த வேண்டும். தகரத்தோடு கைமரமும் ரீப்பையும் மாற்றப்பட வேண்டும்.

2. ஆளில்லாமல் தொழிலாளியே ஏற நேர்ந்தால் அன்றைக்கு முழுப்பேர் போட வேண்டும். விபத்து நடந்தால் வேலை விபத்தாக ஏற்க வேண்டும்.

3. ஒவ்வொரு குடும்பத்துக்கும் உறுதியுடன் 7 பேர்ச்சஸ் காணியும் தனிவீடும் வேண்டும். அந்த வீடுகளைக் கட்டும்போதே சோலார் தாங்கும் கூரை போட்டு, மானியமாகச் சோலார் கொடுக்க வேண்டும்.

4. மின்மானி குடியிருப்பவரின் பெயருக்கு மாற்றப்பட வேண்டும்.

5. லயக் கூரையில் நிர்வாகமோ வெளிக் கம்பனியோ சோலார் பூட்ட வந்தால் குடியிருப்பவரின் சம்மதமும் வருமானத்தில் பங்கும் வேண்டும்.

அதுவரை

மழை காத்திருக்காது, ஏறத்தான் வேண்டியிருக்கும். ஈரத்தில் ஏறாதீர்கள், தனியே ஏறாதீர்கள். மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். வெளியிலிருந்து வரும் வயர் தகரத்தில் முட்டினால் மெயின் சுவிட்ச் உதவாது. தொடாமல் மின்சார சபைக்கு அறிவியுங்கள். ஆணி வரிசையில், அதாவது ரீப்பைக்கு மேலே மட்டும் கால் வையுங்கள். ஆணியை நெளியின் பள்ளத்தில் அடிக்காமல் மேட்டில் வாஷருடன் அடியுங்கள். அஸ்பெஸ்டஸ் சீட்டில் மிதிக்காதீர்கள், வாளால் அறுக்காதீர்கள். அதன் தூசு பல வருடம் கழித்து நெஞ்சில் நோயாகும்.

இந்த மாதமே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் லயம் லயமாகப் பட்டியல் எடுக்க வேண்டும். லய இலக்கம், குடும்பங்கள், மாற்ற வேண்டிய தகரம், உளுத்த மரம், கடைசியாகத் திருத்திய வருடம் எல்லாம் அதில் இருக்கட்டும். தோட்டத் தலைவரும் மாதர் சங்கத் தலைவியும் சேர்ந்து அதைத் துரையிடம் கொடுத்து, திகதியிட்ட கையொப்பத்துடன் பிரதி வாங்குங்கள். ஒரு பிரதி பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும், ஒன்று சங்கக் காரியாலயத்துக்கும் வரட்டும். ஆபீஸ் வாசலில் ஒருவர் தனியாகக் கேட்டால் "தகரம் வந்தா பார்ப்போம்" என்பார்கள். எல்லா லயமும் எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் சொல்லியே ஆகவேண்டும். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அடுத்த பேச்சுவார்த்தை மேசையில் உட்காருவோம்.