லினக்ஸ் மேல் வீண்பழி

"லினக்ஸ் போட்டால் மெஷின் கெட்டுப்போகும்" என்கிறார்கள் ஓடைப்பட்டியில். கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸும் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் சேர்ந்தே இருந்தன. விண்டோஸ் பழுதானால் கடைக்காரர் அதை மறுபடி போடுவார். அது வட்டின் முதல் பகுதியில் தன் ஆளை உட்காரவைத்து, அங்கிருந்த 'கிரப்' என்ற வாயிற்காவலனைத் துரத்திவிடும். உள்ளே லினக்ஸ் பத்திரமாகத்தான் இருக்கும், வாசல்தான் இராது. பென்டிரைவிலிருந்து லினக்ஸைக் கிளப்பி, கிரப்பை மறுபடி நிறுவினால் தீர்ந்தது. திராட்சைப் பந்தலில் கல்தூண் சாய்ந்தால் தூணை நிமிர்த்துவோமா, கொடியை வெட்டுவோமா? கடைக்காரர் கொடியை வெட்டுகிறார். அதற்குக் கூலியும் வாங்குகிறார்!

வைஃபை சங்கதி இன்னும் வேடிக்கை. சில சிப் கம்பெனிகள் தங்கள் ஃபர்ம்வேரின் மூலநிரலைத் தருவதில்லை. பாஸுக்குத் தாய்வீடான டெபியனோ, கொள்கை பேசி, 2023 வரை அத்தகைய ஃபர்ம்வேரை அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் சேர்க்கவில்லை. இணையம் வர ஃபர்ம்வேர் வேண்டும். ஃபர்ம்வேர் வர இணையம் வேண்டும். நல்ல கூத்து! கைபேசியை யு.எஸ்.பி. கம்பியால் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்தால் பெரும்பாலும் வழி பிறந்துவிடும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தராமல், "லினக்ஸுக்கு வைஃபை வராது" என்று சொல்லி அனுப்புவது என்ன நியாயம்?