மலைக்கும் தார்ச்சாலைக்கும் ஒரே டயர்

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையிலோ கோயம்புத்தூரின் அவிநாசி சாலையிலோ மாலை வேளையில் சற்று நின்று கவனிப்பவர்கள், தம் ஜன்மத்தில் ஒரு தடவையேனும் சேற்றில் இறங்கியோ பாறைமேல் ஏறியோ அறியாத ஜீப் ஜாதி வண்டிகள் பல, ஆழமாகப் பள்ளம் வெட்டிய முரட்டுப் பட்டன் டயர்களைப் பூண்டுகொண்டு, உள்ளே இருப்பவர்கள் உரத்துப் பேசினாலன்றிக் கேளாத இரைச்சலுடன் போவதைப் பார்த்திருப்பார்கள். சொந்தக்காரரை விசாரித்தால், "ரொம்ப நாள் உழைக்கும்" என்பதே பெரும்பாலும் பதிலாக வரும். முரட்டுத் தோற்றத்தையும் நீண்ட ஆயுளையும் ஒன்றென்று எண்ணும் இந்த மயக்கம், பணத்தை வீணாக்குவதோடு நில்லாமல் மழைக்காலத்தில் உயிருக்கும் அபாயமாக முடியக்கூடியது என்பது என் அபிப்பிராயம்.

இவ்வகை வண்டிகளுக்குக் கிடைக்கும் டயர்களில், தார்ச்சாலைக்கென்றே நெருக்கமான வரிகளோடு அமைந்தவை ஹெச்.டி. என்றும், சேற்றுக்கும் பாறைக்குமாக அகன்ற பள்ளங்களோடு அமைந்தவை எம்.டி. என்றும், இரண்டுக்கும் நடுவே நிற்பவை ஏ.டி., அதாவது ஆல் டெரெயின் என்றும் வழங்கப்படுகின்றன. பிரான்ஸ் தேசத்து மிஷெலின் கம்பெனி 1946-இல் ரேடியல் டயருக்குக் காப்புரிமை பெற்று முப்பது ஆண்டுகள் கழிந்த பிறகே, 1976-இல், அமெரிக்காவின் பி.எஃப்.குட்ரிச் கம்பெனி இந்த நடுவழி ஜாதியை ரேடியல் அமைப்பில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. வாரத்தில் ஐந்து நாள் அலுவலகத்துக்கும் எப்போதாவது ஒரு விடுமுறைக்குக் காட்டுப் பாதைக்கும் ஒரே வண்டியை எடுத்துச் செல்ல வேண்டியவருக்கு அது மெய்யாகவே பிரயோஜனமான ஏற்பாடு. நடுவழி என்பதனாலேயே இரண்டு பக்கத்திலும் அது சற்று விட்டுக்கொடுக்கும் என்பதையும் வாங்குபவர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளங்கள் அகலும் அளவுக்குத் தரையைத் தொடும் ரப்பர் குறைகிறது. ஆகவே நனைந்த தார்ச்சாலையில் பிரேக் பிடித்தால், ஹெச்.டி. டயர் பூண்ட வண்டி நிற்கும் இடத்தைத் தாண்டியே இது பெரும்பாலும் நிற்கும். டீசல் செலவும் கொஞ்சம் கூடும்.

இனி ஆயுளைப் பற்றி. டயர் உழைக்கிறது என்று நாம் சாமான்யமாகச் சொல்லும்போது, ஒன்றுக்கொன்று வேறான மூன்று குணங்களை ஒரே பெயரில் சேர்த்துப் பேசிவிடுகிறோம். தார்ச்சாலையில் உரசி உரசித் தேயாமல் நிற்பது ஒன்று; கூரிய கல் கீறினால் கிழியாமல் தாங்குவது மற்றொன்று; பாரத்தோடும் வேகத்தோடும் நெடுநேரம் ஓடும்போது உள்ளே சேரும் உஷ்ணத்தைப் பொறுப்பது மூன்றாவது. கன்னியாகுமரி மாவட்டத்துத் தோட்டங்களில் மரத்தைக் கீறி இறக்கும் பாலிலிருந்து வருகிற இயற்கை ரப்பர், கிழிவதைத் தாங்குவதிலும் உஷ்ணத்தைக் குறைவாகப் பிறப்பிப்பதிலும் மேலானது. செயற்கை ரப்பர் வகைகளில் சில, தேய்வைத் தடுப்பதிலும் ஈரத்தில் பிடிப்பதிலும் மேலானவை. இவற்றை எந்த விகிதத்தில் கலப்பது, கரியையும் சிலிக்காவையும் எவ்வளவு சேர்ப்பது என்பதே டயர் தொழிற்சாலையின் பரம ரகசியம். மூன்று குணமும் பூரணமாக அமைந்த டயரை இன்றுவரை எவரும் செய்ததில்லை. ஒன்றைக் கூட்டினால் மற்றொன்றில் கொஞ்சம் இழக்க நேர்கிறது.

ஆழமான பட்டன்கள் கொண்ட எம்.டி. டயர் தார்ச்சாலையில் சீக்கிரம் தேய்வதன் காரணமும் இதிலிருந்து விளங்கும். உயரமாகவும் தனித்தனியாகவும் நிற்கும் பட்டன் ஒவ்வொன்றும், சக்கரம் சுழலும்போது தரையைத் தொட்டு, வளைந்து, நழுவி, மறுபடி நிமிர்கிறது. அந்த ஓயாத நெளிவினால் சூடு பிறக்கிறது. சூட்டினாலும் உரசலாலும் பட்டனின் ஒரு விளிம்பு மட்டும் முன்னதாகத் தேய, நாளடைவில் இரைச்சல் இன்னும் அதிகமாகிறது. காட்டிலே வருஷக்கணக்கில் உழைத்திருக்க வேண்டிய பண்டம் நகரத்துச் சாலையில் அகால முதுமை அடைவது இவ்வாறுதான். ஆதலால், ஓடும் தூரத்தில் மிகப் பெரும்பகுதி தார்ச்சாலையாக உள்ளவர் எம்.டி.யை நினைக்கவே வேண்டியதில்லை, ஏ.டி. ஜாதியிலும், நடுவரி தொடர்ச்சியாகவும் பட்டன்கள் நெருக்கமாகவும் அமைந்த சாந்தமான வகையையே அவர் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கரடுமுரடான பாதையில் டயர் சாவது பெரும்பாலும் தேய்வினால் அன்று. தேனி மாவட்டத்தைச் சேர்ந்த கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு, கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து ஏறும் ஜீப் பாதையை நினைத்துப் பாருங்கள். 7,000 அடிக்கும் மேலான உயரத்துக்கு, பிடிப்பில்லாமல் உருளும் கற்களின்மேல் வண்டி நடைவேகத்தில் தள்ளாடித் தள்ளாடி ஏறுகிறது. அந்த வேகத்தில் உஷ்ணம் ஒரு பிரச்சினையே அன்று, தேய்வும் சொற்பம். ஆபத்து பக்கவாட்டில் இருக்கிறது. இரண்டு கற்களுக்கு நடுவே சக்கரம் இறங்கும்போது, தரையைத் தொடும் தடித்த ரப்பருக்கு ஒன்றும் ஆவதில்லை. டயரின் பக்கச்சுவரை, அதாவது மெக்கானிக்குகள் சைட் வால் என்று சொல்லும் மெல்லிய பாகத்தை, கல்லின் கூர்மை கிழித்துவிடுகிறது. தரைப்பாகத்தில் ஆணி ஏறினால் வழியிலுள்ள எந்தப் பஞ்சர் கடையிலும் அடைத்துக்கொள்ளலாம். சைட் வால் கிழிந்தால் அந்த டயரை மறுபடி நம்பி ஓட்டுவதற்கில்லை. ஆகவே மலைப்பாதைக்கென்று டயர் வாங்குபவர் கடைக்காரரிடம் முதலாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி, பட்டன் எவ்வளவு ஆழம் என்பதன்று. சைட் வாலில் எத்தனை அடுக்கு நூல் இருக்கிறது, இரண்டா மூன்றா என்பதாகும்.

இங்கே ஒரு ஜாக்கிரதை வேண்டும். பத்துப் பிளை என்று சிலர் பெருமையாகச் சொல்வது உள்ளபடியே பத்து அடுக்கைக் குறிப்பதன்று. பருத்தி நூலால் டயர் செய்த காலத்தில் இத்தனை அடுக்குக்கு இவ்வளவு பலம் என்று வைத்த கணக்கு, பாலியெஸ்டரும் எஃகுக் கம்பியும் வந்த பிறகும் பலத்தைக் குறிக்கும் அளவாக மட்டும் நிலைத்துவிட்டது. பாரத்தைக் கொண்டு ‘இ’ (E) வகுப்பு என்று குறிக்கப்படும் டயர் பத்துப் பிளைக்குச் சமமான பலமுடையது. பிரித்துப் பார்த்தால் அதன் பக்கச்சுவரில் இரண்டோ மூன்றோ அடுக்குதான் இருக்கும். இலகுரக லாரிகளுக்கென்று எல்.டி. என்ற குறியோடு வரும் இத்தகைய டயர்கள் வெட்டுக்கு நன்றாகத் தாங்குமாயினும், அதே பாரத்தைச் சுமக்க அதிகக் காற்று கேட்கும். காலி வண்டியில் இடுப்பை முறிக்கும். சிமென்ட் மூட்டை ஏற்றாதவருக்கு அந்தத் துன்பம் எதற்கு?

ரிம்மின் அளவைப் பற்றியும் ஒரு பிரமை பரவியிருக்கிறது. 2020-இல் வெளிவந்த மஹிந்திரா தார் வண்டியில் 245/75 ஆர் 16 என்ற அளவும் 255/65 ஆர் 18 என்ற அளவும் கம்பெனியே பொருத்திக் கொடுத்தவை. முதல் எண் மில்லிமீட்டரில் அகலம். அடுத்தது அந்த அகலத்தில் எத்தனை சதவிகிதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. கடைசி எண் அங்குலத்தில் ரிம்மின் விட்டம். கணக்கிட்டால், 16 அங்குல டயரின் பக்கச்சுவர் சுமார் 184 மில்லிமீட்டர் வருகிறது. பார்வைக்குக் கம்பீரமான 18 அங்குல டயருக்கோ 166 மில்லிமீட்டர்தான். கல்லுக்கும் இரும்புக்கும் இடையே நின்று அடியை வாங்கிக்கொள்ளும் ரப்பர், சிறிய ரிம்மில்தான் கூடுதலாக இருக்கிறது. விலையுயர்ந்த ரகம் மலையில் மேலானது என்று நினைப்பவர்கள் இந்தச் சிறு கூட்டல் கழித்தலைச் செய்து பார்ப்பது நல்லது.

கம்பெனி குறித்த அளவை விட்டுப் பெரிய டயரைப் பூட்டுவதை நான் வன்மையாகவே ஆட்சேபிக்கிறேன். விட்டம் ஐந்து சதவிகிதம் கூடினால், மீட்டர் 80 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 84 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். கியரின் இழுவை குறையும். பிரேக்குக்கு வேலை கூடும். திருப்பத்தில் டயர் மட்கார்டை உரசும். சட்டமும் இதற்கு அனுகூலமாக இல்லை. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள், தயாரித்தவர் ஆதியில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்று 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிப்படுத்தியது. விபத்து நேர்ந்த பிறகு இன்ஷூரன்ஸ் கம்பெனியோடு இதைப் பற்றி வாதாடுவது மிகவும் துர்ப்பாக்கியமான அனுபவமாக இருக்கும். அளவோடு பாரக்குறியீட்டையும் பார்க்க வேண்டும்: டயரின்மேல் 104 என்றிருந்தால் அது 900 கிலோ சுமக்கும், 112 என்றிருந்தால் 1,120 கிலோ. வண்டியோடு வந்த டயரில் உள்ள எண்ணுக்குக் குறைந்ததை எந்தத் தள்ளுபடிக்காகவும் வாங்கலாகாது.

மணலின் தர்மமோ முற்றிலும் வேறு. அரிச்சல்முனை வரையிலான சாலை 2017-இல் திறக்கப்படும் வரையில், தனுஷ்கோடிக்குப் போகும் பிரயாணிகள் கடலோர ஈர மணலில் வேன்களிலும் ஜீப்புகளிலும் குலுங்கிக் குலுங்கித்தான் போய்வந்தார்கள். தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிகளில் செம்மணல் இன்றும் அப்படியே கிடக்கிறது. இத்தகைய இடத்தில் முரட்டுப் பட்டன் உதவுவதற்குப் பதிலாகக் குழி தோண்டி வண்டியை அச்சுவரை புதைத்துவிடும். ஒட்டகத்தின் பாதம்போல் பரந்து மிதிப்பதே மணலில் செல்லும் உபாயம். சாதாரணமாக 30 பவுண்டு சுமாருக்கு இருக்கும் காற்றை 15, 18 பவுண்டுக்கு இறக்கினால், அதே டயரின் தடம் நீண்டு விரிந்து, புதைந்த வண்டியும் தானே எழுந்து வந்துவிடுவதுண்டு. நாலு புது டயர் வாங்கும் செலவில் சாதிக்க முடியாததை, காற்றை அளக்கும் ஒரு சிறு கருவியும் பாட்டரியில் ஓடும் ஒரு பம்பும் சாதிக்கின்றன என்பதை நம் வண்டிக்காரர்கள் ஏனோ இன்னும் மனப்பூர்வமாக நம்புவதில்லை.

ஆயின் இறக்கிய காற்றைத் தார்ச்சாலை ஏறுமுன் மறக்காமல் ஏற்றிவிட வேண்டும். குறைந்த காற்றோடு வேகமாக ஓடும் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து மடிந்து நிமிர்வதால் உள்ளே நெருப்பாகச் சுடுகிறது. சித்திரை வெயிலில் நாற்கரச் சாலைகளில் டயர் வெடித்து நேரும் விபத்துகளுக்குக் காற்றுக் குறைவும் ஒரு முக்கிய காரணம். வண்டி ஓடிச் சூடேறுமுன், காலையிலேயே அளப்பதுதான் சரியான அளவு. நைட்ரஜன் ஏற்றினால் தீர்ந்தது என்று சிலர் சொல்வார்கள். பம்புக்காரர் இனாமாக ஏற்றும் சாதாரணக் காற்றிலேயே 78 சதவிகிதம் நைட்ரஜன் இருப்பதால், அதற்கென்று தனிக் கட்டணம் கொடுப்பது அவரவர் தாராள சிந்தையைப் பொறுத்த விஷயம்.

டயர் செய்வதில் நம் மாநிலத்துக்குப் பெருமை உண்டு. திருவொற்றியூரில் 1946-இல் விளையாட்டு பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். இன்று உலகமறிந்த டயர் கம்பெனி. அரக்கோணத்திலும் ஒரகடத்திலும் தொழிற்சாலைகள் இரவு பகலாக நடக்கின்றன. அப்படியிருந்தும், டயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் பொறித்த நான்கு எண்களைப் படித்துவிட்டு வாங்குகிறவர் எத்தனை பேர்? 3224 என்றால் 2024-ஆம் வருஷத்தின் 32-வது வாரத்தில் பிறந்தது என்று பொருள். கிட்டங்கியில் மூன்று வருஷம் கிடந்த டயருக்குப் புதுசின் விலை கொடுப்பவர் அதன் ஆயுளில் ஒரு பங்கை வாங்கும்போதே இழந்துவிடுகிறார். பட்டன் நிறைய இருந்தாலும் ரப்பர் இறுகி வெடிப்பு விடுமாதலால், பத்து வருஷத்துக்குள் மாற்றியே தீர வேண்டும். ஈரத்தில் பிடிப்பு, உருளும்போது இழுக்கும் எதிர்ப்பு, இரைச்சல் ஆகியவற்றுக்கு மத்திய அரசு 2022-இல் அளவுகோல் விதித்தது. ஒவ்வொரு டயரும் அந்தப் பரீட்சையில் எவ்வளவு தேறியது என்பதைக் கடையிலே தமிழில் எழுதி வைக்கவும் செய்தால், தோற்றத்தைக் கண்டு மயங்குவோர் தொகை குறையும். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர் ஆகும் வரை தேயச் சட்டம் அனுமதித்தாலும், சேற்றிலும் மழையிலும் போகிறவர் அவ்வளவு தூரம் காத்திருப்பது விவேகமாகாது.

கடைசியாக ஸ்டெப்னி. டியூப் இல்லாத டயரும், காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும், பஞ்சர் அடைக்கும் சாமானும் கொண்ட சிறு வண்டிகளுக்கு ஸ்டெப்னி அவசியமில்லை என்று 2020-இல் விதி தளர்த்தப்பட்டது. நகரத்துக்கு அது சௌகரியம்தான். கிழிந்த சைட் வாலைப் பசை அடைக்காது என்பதால் மலைக்கு அது ஆகாது. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியில் வேறு அளவுள்ள ஸ்டெப்னியைப் பூட்டி ஓட்டினால் கியர் அமைப்பே பழுதாகவும் கூடும். எனவே அடுத்த முறை ஆல் டெரெயின் டயருக்கு விலை விசாரிக்கும்போது, நான்குக்கு விசாரிக்காதீர்கள். ஒரே ஜாதியில், ஒரே அளவில், ஐந்துக்கு விசாரியுங்கள்.