செல்போனும் சொந்தப் புத்தியும்

காட்டூர், பழவேற்காடு பக்கத்துத் தோழர்களுக்கு 2018-ம் வருஷம் மே மாதம் 9-ந் தேதி நடந்த காரியத்தை யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஊர் பேர் தெரியாமல் அலைந்து கொண்டிருந்த ஒரு மனிதனுக்குப் "பிள்ளை பிடிக்கிறவன்" என்று பெயர் வைத்து, கூட்டமாகக் கூடி அடித்துக் கொன்று, பழவேற்காட்டுப் பாலத்தில் தொங்கவிட்டார்கள். அதே நாளில் திருவண்ணாமலை ஜில்லா போளூர்ப் பக்கத்தில், குலதெய்வம் கும்பிட வந்த 65 வயது அம்மையார் ஒருவர், வழியில் கண்ட குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த "குற்றத்திற்காக" அதே பெயரால் அடித்துக் கொல்லப்பட்டார். இந்த இருவரும் எந்தப் பிள்ளையையும் பிடிக்கவில்லை.

இவர்களைக் கொன்றது எது? வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்து இறங்கியிருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வந்த சேதி. அதை எழுதியவன் பெயர் அதில் இல்லை. எந்த ஊரில், எந்த வீட்டில், எந்தப் பிள்ளை காணாமற் போயிற்று என்ற விவரமும் இல்லை. அந்த மாதங்களில் இந்தியாவெங்கும் சுற்றிய படம் ஒன்றின் யோக்கியதையைக் கேளுங்கள். அது பாகிஸ்தானில் கராச்சி நகரத்தில், பிள்ளைகளை ஜாக்கிரதையாகப் பார்த்துக் கொள்ளுங்கள் என்று பெற்றோருக்குப் புத்தி சொல்வதற்காக நடித்து எடுக்கப்பட்ட படம். மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் பிள்ளையைத் தூக்கிப் போய், உடனே திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, விஷயத்தை எழுதிக் காட்டுகின்றார்கள். இந்தப் பின்பாதியை வெட்டி எறிந்துவிட்டு, முன்பாதியை மட்டும் உண்மைச் சம்பவம் என்று அனுப்பினார்கள். நம் ஜனங்களும் கராச்சியில் நடித்ததை நம் தெருவில் நடந்ததாக எண்ணிக் கொண்டார்கள்.

இதைச் சொல்வது இந்தக் கரையோர ஜனங்கள் கொடியவர்கள் என்று காட்டுவதற்காக அல்ல. பெற்ற பிள்ளைமேல் உள்ள பாசம்தான் அவர்களைப் பதறச் செய்தது. ஆனால் பாசத்தோடு கூட "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்ற ஒரே ஒரு கேள்வியை அந்தக் கூட்டத்தில் பத்துப் பேர் கேட்டிருந்தால் ஒரு மனிதன் பிழைத்திருப்பான் அல்லவா?

நிற்க, இப்படிப்பட்ட காரியங்களைக் காட்டி, "செல்போன் வந்துதான் உலகம் கெட்டது, அதைத் தூக்கி எறியுங்கள்" என்று உபதேசம் செய்கிறவர்கள் இருக்கின்றார்கள். அவர்களும் அநேகமாக அதைச் செல்போன் மூலமாகத்தான் சொல்கின்றார்கள். நமக்கு இந்தப் பேச்சில் சம்மதமில்லை. நெருப்பு சுடும் என்பதற்காக யாரும் அடுப்பை இடித்து விடுவதில்லை. இன்று காற்றின் வேகமும் அலையின் உயரமும் மீன் கூடும் இடமும் ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற சர்க்கார் நிலையத்தில் கணக்கிடப்பட்டு மீனவன் கைக்கு வருகின்றன. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் செய்த ஃபிஷர் ஃபிரண்டு என்ற ஆப் அவற்றைத் தமிழிலேயே சொல்லுகின்றது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போகாதே என்ற எச்சரிக்கை முன்கூட்டியே வருகின்றது. இறாலுக்கு மீஞ்சூரில் என்ன விலை, சென்னையில் என்ன விலை என்று கரையில் நின்றபடியே கேட்டுக்கொண்டு, பிறகு வியாபாரியிடம் பேரம் பேசலாம். முன்னே வியாபாரி சொன்னதுதான் விலை. இவ்வளவு உபகாரமான கருவியை வேண்டாம் என்பவன், ஏழை என்றும் பிறர் சொல்லைக் கேட்டே பிழைக்க வேண்டும் என்று விரும்புகிறவனாகத்தான் இருப்பான்.

ஆகவே நமது கேள்வி, போன் நமக்கு வேலை செய்கின்றதா, நாம் போனுக்கு வேலை செய்கின்றோமா என்பதுதான்.

தோழர்களே! உங்கள் தொழிலையே எடுத்துக் கொள்ளுங்கள். இறாலுக்கு ஒரு வலை, நண்டுக்கு ஒரு வலை, மடவைக்கு ஒரு வலை என்று வலைக் கண்ணின் அளவு பார்த்து வைத்திருக்கின்றீர்கள். கடைக்காரன் கொடுத்த வலையை அப்படியே ஏரியில் வீசுகிற முட்டாள் உங்களில் ஒருவனும் இல்லை. அப்படியிருக்க, பத்தாயிரம், பதினையாயிரம் ரூபாய் போட்டு வாங்கிய போனை மட்டும் கடைக்காரன் எப்படிக் கொடுத்தானோ அப்படியே வைத்துக் கொண்டிருப்பானேன்? அது உங்களுக்காக அமைத்துக் கொடுக்கப்பட்டதல்ல. அதில் உள்ள பல ஆப்கள் இனாமாக வருகின்றன. இனாமாகக் கொடுக்கிறவன் நம்முடைய பொழுதை விளம்பரக்காரனுக்கு விற்றுத்தான் பணம் பண்ணுகின்றான். ஆகையால் நிமிஷத்திற்கு ஒரு தரம் மணி அடித்து நம்மைக் கூப்பிடுகிற மாதிரியாகவே அது அமைக்கப்பட்டிருக்கும். அதை நம் சௌகரியத்திற்குத் திருப்பி அமைத்துக் கொள்ள வேண்டியது நம் பொறுப்பு.

முதலாவது பாஷை. செட்டிங்ஸ் என்னும் இடத்திற்குப் போய், பாஷையைத் தமிழாக்குங்கள். எழுத்தைப் பெரிதாக்குங்கள். படித்துப் புரியாமல் "சரி, சரி" என்று அமுக்கிக் கொண்டு போவதுதான் பாதி மோசத்திற்குக் காரணம். மந்திரம் புரியாமல் தலையாட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இரண்டாவது பூட்டு. பிறந்த வருஷமும், 1234-ம் பூட்டாகாது. ஆறு இலக்கத்தில், உங்களுக்கு மட்டும் தெரிந்ததாக ஒன்று வையுங்கள். பூட்டிய திரையின்மேல் வருகிற சேதியின் வாசகம் தெரியாதபடியும் செய்து கொள்ளுங்கள். போனைத் திருடியவன் திறக்காமலே ஓ.டி.பி.யைப் படித்து விடுவானானால் பூட்டு எதற்கு?

மூன்றாவது அனுமதி. ஏரியில் எந்தக் குழு எந்த இடத்தில் எந்த நாளில் வலை போடலாம் என்பதற்குப் "பாடு" என்று முறை வைத்திருக்கின்ற நீங்கள், உங்கள் போனுக்குள் யார் எதுவரை வரலாம் என்று முறை வைத்திருக்கின்றீர்களா? டார்ச் விளக்கு ஆப்புக்கு உங்கள் மாமன் மைத்துனன் நம்பர்கள் எதற்கு? சீட்டு விளையாட்டுக்கு உங்கள் வீட்டுப் படங்கள் எதற்கு? ஐந்து நிமிஷத்தில் கடன் தருகின்றோம் என்று வந்த ஆப்கள், நம்பர்களையும் படங்களையும் எடுத்துக்கொண்டு, பிறகு சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுக் கடன் வாங்கியவனை மானபங்கப்படுத்தின. இதைத் தடுக்கவே ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில், கடன் கொடுக்கும் ஆப்கள் போனிலுள்ள நம்பர்களையும் படங்களையும் தொடக்கூடாது என்று விதித்தது. ஆனால் விதியை மதிக்காதவனிடத்தில் விதி என்ன செய்யும்? அனுமதியை நீங்களே மறுத்துவிட வேண்டியதுதான்.

நான்காவது வாட்ஸ்அப். வருகிற படமெல்லாம் தானாகவே இறங்குவதை நிறுத்துங்கள். முன்பின் தெரியாதவன் உங்களைக் குழுவில் இழுத்துப் போடாதபடி, தெரிந்த நம்பர்காரர்கள் மட்டும் சேர்க்கலாம் என்று மாற்றுங்கள். இரண்டாம் பூட்டாக அதற்கென்றே உள்ள ஆறு இலக்க எண்ணைப் போடுங்கள். கல்யாணப் பத்திரிகை என்றும், சர்க்கார் உத்தரவு என்றும் பெயர் வைத்து, கடைசியில் ஏ.பி.கே. என்று முடிகிற எதையும் தொடாதீர்கள். அது உங்கள் வீட்டுக்குள் ஆள் இறக்குகிற வேலை. ஆப் வேண்டுமானால் பிளே ஸ்டோரில் மட்டும் எடுங்கள். அங்கேயும் யார் செய்தது என்று பார்த்து எடுங்கள்.

இவ்வளவும் செய்தாலும், பூட்டைத் திறந்து சாவியை நாமே கையில் கொடுத்து விட்டால் என்ன பிரயோசனம்? இன்று நடக்கிற மோசங்களில் பெரும்பாலானவற்றில் திருடன் பூட்டை உடைப்பதில்லை. அதிகாரக் குரலில் பேசுகின்றான், அவ்வளவுதான். "வங்கியிலிருந்து பேசுகின்றோம், உன் கணக்கு முடங்கி விடும்" என்கின்றான். "மீன்பிடித் தடைக்கால நிவாரணம் வரவேண்டுமானால் இப்போது வந்த எண்ணைச் சொல்" என்கின்றான். போலீஸ் உடுப்பு மாட்டிக்கொண்டு வீடியோவில் தோன்றி, "உன் பேரில் வந்த பார்சலில் போதைச் சரக்கு இருக்கின்றது, உன்னை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கின்றோம், அறையை விட்டு நகராதே, இந்தக் கணக்கில் பணம் கட்டு" என்கின்றான். படித்தவர்களும், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களுமே இதற்கு நடுங்கி லட்சக் கணக்கில் கட்டியிருக்கின்றார்கள். போனில் கைது செய்வது என்று ஒன்று சட்டத்தில் கிடையவே கிடையாது. 27-10-2024-ல் பிரதம மந்திரியே ரேடியோவில் இதைச் சொல்ல வேண்டியதாயிற்று.

படித்தவன் ஏன் ஏமாறுகின்றான்? உடுப்பையும் பட்டத்தையும் கண்டால் கேள்வி கேட்காமல் கைகட்டி நிற்கும்படி நம்மைத் தலைமுறை தலைமுறையாகப் பழக்கி வைத்திருக்கின்றார்கள். அந்தப் பழக்கம் தான் திருடனுக்கு முதல். "நீ யார், எந்த ஸ்டேஷன்? நான் நேரில் வந்து கேட்டுக் கொள்கின்றேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிடத் தெரிந்தவனிடத்தில் இவன் வித்தை செல்லாது. உண்மையான அதிகாரி இதற்காகக் கோபித்துக் கொள்ளவும் மாட்டான்.

பண விஷயத்தில் ஒன்றை மட்டும் எல்லோரும் மனப்பாடம் செய்து கொள்ளட்டும். ஜிபே, போன்பே எதுவானாலும், பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் வேண்டியதே இல்லை. பணம் கொடுப்பதற்கும், இருப்புப் பார்ப்பதற்கும்தான் அது வேண்டும். "பணம் அனுப்புகின்றேன், நம்பரைப் போடு" என்று ஒருவன் சொன்னால் அவன் எடுக்க வந்தவன். மீன் வாங்கியவன் தன் போனில் "அனுப்பியாயிற்று" என்று காட்டுகிற படமும் பணமல்ல. உங்கள் கணக்கில் ஏறியிருக்கின்றதா என்று உங்கள் போனில் பார்த்த பிறகு மீனைக் கொடுங்கள்.

இங்கே ஆண்களுக்கு ஒரு வார்த்தை. விடியுமுன் கூடையெடுத்து, வண்டியேறி, தெருத்தெருவாய் விற்றுக் குடும்பத்தைத் தாங்குகிறவள் பெண். ஆனால் அநேக வீடுகளில் அவள் கணக்கிற்குப் போன் மகன் கையில், பின் நம்பர் புருஷன் மனதில். "அவளுக்கு ஒன்றும் தெரியாது" என்று காரணம் சொல்லுகின்றார்கள். மீனின் எடை, விலை, கடன், வட்டி எல்லாம் மனக் கணக்காகப் போடத் தெரிந்தவளுக்கு நாலு எழுத்தும் ஆறு எண்ணும் மட்டும் தெரியாமல் போய்விடுமா? தெரியாது என்பதல்ல காரணம், தெரிந்துகொள்ள விடவில்லை என்பதுதான் காரணம். படித்த பிள்ளைகள் தாய்க்காகப் போனை அமுக்கிக் கொடுப்பதை நிறுத்தி, அமுக்கக் கற்றுக் கொடுக்கட்டும். அவள் சம்பாத்தியத்தின் சாவி அவளிடத்தில் இருக்கட்டும்.

இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் மோசம் போய்விட்டால் வெட்கப்பட்டு மூடி வைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால், போன பணம் கைமாறுமுன் நிறுத்தி வைக்க வழியுண்டு. போனில் *#06# என்று அமுக்கினால் வருகிற 15 இலக்க எண்ணை இன்றைக்கே ஒரு காகிதத்தில் எழுதி வீட்டில் வையுங்கள். போன் களவு போனால், போலீசில் எழுதிக் கொடுத்து, சர்க்காரின் சஞ்சார் சாத்தி மூலமாக அந்தப் போன் எங்கும் வேலை செய்யாதபடி தடுத்துவிடலாம். உங்கள் பேரில் வேறு எவனாவது சிம் வாங்கியிருக்கின்றானா என்பதையும் அதிலேயே பார்க்கலாம். கடலுக்குப் போகிறவர்கள் கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புப் போலீசின் 1093 ஆகிய எண்களைப் பதிந்து, போனைத் தண்ணீர் புகாத உறையில் கட்டிக்கொண்டு போங்கள். கரையை விட்டுத் தூரம் போனால் சிக்னல் இருக்காது. அங்கே வயர்லெஸ் செட்டுத்தான் துணை. போனை நம்பி அதை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கடைசியாக, பாலத்து விஷயத்திற்கே வருவோம். இந்தியாவில் நடந்த கொலைகளுக்குப் பிறகு, 2018 ஜூலையில் வாட்ஸ்அப் கம்பெனி, பிறர் அனுப்பியதைத் திருப்பி அனுப்பினால் "அனுப்பப்பட்டது" என்று அடையாளம் காட்டவும், ஒரு தடவைக்கு ஐந்து பேருக்கு மேல் அல்லது ஐந்து குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்யவும் ஏற்பாடு செய்தது. கம்பெனிக்காரன் நம் விரலுக்கு ஓர் அளவு வைத்தான். நல்லதுதான். ஆனால் ஐந்து பேரில் ஒவ்வொருவனும் ஐந்து பேருக்கு அனுப்பினால், ஆறாம் கையில் பதினையாயிரம் பேரைத் தாண்டி விடும். இந்தக் கணக்கைக் கம்பெனி நிறுத்த முடியாது. நடுவில் ஒருவன் "யார் சொன்னது? எங்கே நடந்தது? என்றைக்கு?" என்று கேட்டு, பதில் இல்லையென்றால் அழித்து விடுவானானால் அவனோடு அது நின்றுபோகும்.

அந்த ஒருவனாக ஒவ்வொரு தோழரும் இருக்க வேண்டும் என்பதுதான் நமது ஆசை. அடுத்த தடவை பிள்ளை பிடிக்கிறவன் என்றோ, அந்த ஜாதிக்காரன் இப்படிச் செய்தான், இந்த மதக்காரன் அப்படிச் செய்தான் என்றோ ஒரு சேதி வரும்போது, அனுப்புமுன் அந்தப் பாலத்தை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். அங்கே தொங்கியவனுடைய பெயரைக்கூட அடித்தவர்கள் கேட்கவில்லை.