டீ விற்ற காசில் உலகப் பயணம்!

உதகையை அடுத்த கிளென்மார்கனில் எங்கு பார்த்தாலும் தேயிலைத் தோட்டம். அங்கே கொழுந்து பறிப்பவர்களிடம் "வெளிநாடு பார்க்க ஆசையா?" என்று கேட்டால், "அதெல்லாம் பணக்காரருக்கு!" என்று சிரிக்கலாம்.

அப்படித்தானா?

அத்தகைய கொழுந்துதான் தூளாகி டீக்கடைக்கு வருகிறது. கொச்சியில் டீக்கடை நடத்தியவர் விஜயன். மனைவி மோகனாதான் துணை, வேலையாள் கிடையாது. தினமும் 300 ரூபாயைத் தனியே எடுத்து வைத்தார்கள். போதாததற்கு வங்கியில் கடன். பயணம் முடிந்ததும் மீண்டும் டீ ஆற்றிக் கடனை அடைத்தார்கள். பிறகுதான் அடுத்த நாடு! 2007-ல் இஸ்ரேல், 2021-ல் ரஷ்யா. மொத்தம் 26 நாடுகள்! பின்னாளில் சிலர் உதவியதும் உண்டு. ரஷ்யாவிலிருந்து திரும்பிய சில வாரங்களில், 2021 நவம்பரில், விஜயன் காலமானார்.

கடன் வாங்கி ஊர் சுற்றுவதா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். கல்யாணப் பந்தலுக்குக் கடன் வாங்கும்போது யாரும் அப்படிக் கேட்பதில்லை!

ஆனாலும் எல்லாருக்கும் கடன் ஏற்றதல்ல. சேமிப்பை மட்டும் நம்புகிறவர்கள் முதலில் நேபாளம் போகலாம். இந்தியருக்கு அங்கே பாஸ்போர்ட் கூட வேண்டாம். வாக்காளர் அட்டை போதும். எல்லை வரை ரயில், அதற்கப்பால் பஸ்.