கற்கண்டா? மிட்டாயா? கருவை உறைய வைக்கும் இரண்டு முறைகள்

கல்கத்தா நகரில் 1978-ம் ஆண்டு அக்டோபர் 3-ந் தேதி ஒரு பெண் குழந்தை பிறந்தது.

அந்தக் குழந்தை தாயின் வயிற்றுக்கு வெளியே கருவானது. அது மட்டும் அல்ல. கருவாக இருந்தபோதே 53 நாட்கள் உறைந்து கிடந்தது!

இதைச் செய்தவர் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய். உலகத்தின் முதல் சோதனைக்குழாய் குழந்தை இங்கிலாந்தில் பிறந்து அப்போது மூன்று மாதம் கூட ஆகவில்லை. டாக்டர் சொன்னதை யாரும் நம்பவில்லை. அரசாங்கம் விசாரணைக் குழு போட்டது. குழுவும் நம்பவில்லை. அவரை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். ஜப்பானுக்குப் போய்த் தம் ஆராய்ச்சியைப் பற்றிப் பேச விரும்பினார். அதற்கும் அனுமதி இல்லை. 1981-ல் அவர் தற்கொலை செய்துகொண்டார்.

1997-ல் ஆனந்தகுமார் என்ற விஞ்ஞானி அவருடைய பழைய குறிப்புகளைப் படித்தார். "இந்தியாவின் முதல் சோதனைக்குழாய் குழந்தையை உண்டாக்கியவர் இவரே" என்று உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். அதுவரை அந்தப் பெருமை யாருக்கு இருந்தது தெரியுமா? 1986-ல் பம்பாயில் வெற்றி கண்ட டாக்டர் இந்திரா ஹிந்துஜாவுக்கும் இதே ஆனந்தகுமாருக்கும்தான்! தம் தலையில் இருந்த கிரீடத்தை எடுத்து, இறந்துபோன ஒருவருக்கு அவர் சூட்டினார்.

அன்று நம்ப மறுத்த காரியம் இன்று சர்வசாதாரணமாக நடக்கிறது. "கருவை உறைய வைக்கலாமா?" என்று டாக்டர் கேட்கிறார். தம்பதிகள் தலையை ஆட்டுகிறார்கள். எப்படி உறைய வைப்பீர்கள் என்று கேட்பவர்கள் குறைவு. கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

எதற்காக உறைய வைக்கிறார்கள்?

சோதனைக்குழாய் சிகிச்சையில் ஒரே தடவையில் பல கருக்கள் உருவாகலாம். எல்லாவற்றையும் கருப்பையில் வைத்தால் இரட்டை, மூன்று என்று குழந்தைகள் உண்டாகும். குறைமாதப் பிரசவம் வரும். தாய்க்கும் ஆபத்து, பிள்ளைகளுக்கும் ஆபத்து. ஆகவே, ஒன்றை வைத்துவிட்டு, மீதியைப் பத்திரப்படுத்துவது நல்லது. முதல் முயற்சி பலிக்காவிட்டால், மனைவி மறுபடியும் முதலிலிருந்து ஊசி போட்டுக்கொண்டு, முட்டை எடுக்கும் வேதனையை அனுபவிக்க வேண்டியது இல்லை.

பத்திரப்படுத்தும் இடம், திரவ நைட்ரஜன் நிறைந்த தொட்டி. அதன் குளிர், பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி! அந்தக் குளிரில் கரு வளராது, கெடவும் கெடாது.

பனிக்கட்டிதான் எதிரி!

தொட்டிக்குள் இருப்பதில் ஆபத்து இல்லை. அங்கே போய்ச் சேரும் வழியில்தான் ஆபத்து.

பனிப்பெட்டியில் தக்காளியை உறைய வைத்து வெளியே எடுத்தால் கொழகொழ என்று ஆகிவிடுகிறது அல்லவா? உள்ளே இருக்கும் தண்ணீர், ஊசி ஊசியாகப் பனிக்கட்டி ஆகி, தக்காளியின் சதையைக் கிழித்துவிடுகிறது. கருவிலும் தண்ணீர் உண்டு. அதன் அளவோ ஒரு மில்லிமீட்டரில் சுமார் பத்தில் ஒரு பங்கு. ஒரு பனி ஊசி போதும், உயிரணு கிழிந்துவிடும்.

இதைத் தடுக்க இரண்டு வழிகள் கண்டார்கள். சர்க்கரைப் பாகை நினைத்துக்கொண்டால் இரண்டும் எளிதில் விளங்கும். பாகை மெல்ல மெல்ல ஆற விட்டால் கற்கண்டு விளையும். பட்டை பட்டையாக, கூர் கூராக இருக்கும். அதே பாகை நன்றாகக் காய்ச்சிச் சட்டென்று ஆற வைத்தால், கண்ணாடி போன்ற மிட்டாய் கிடைக்கும். அதில் கூரும் இல்லை, முனையும் இல்லை.

முதல் வழி, மெதுவான வழி. இதில் கற்கண்டு விளையத்தான் செய்யும். ஆனால் அது கருவுக்கு வெளியே விளையும்படி பார்த்துக்கொள்கிறார்கள். கருவை மருந்து கலந்த நீரில் வைத்து, ஓர் இயந்திரத்தில் நிமிஷத்துக்கு அரை டிகிரிக்கும் குறைவாகக் குளிர வைக்கிறார்கள். வெளியே பனி உண்டாக உண்டாக, கருவின் உள்ளே இருக்கும் தண்ணீர் மெல்ல வெளியேறுகிறது. பிறகு தொட்டியில் இறக்குகிறார்கள். இரண்டு மணி நேரம் போல ஆகும். எலியின் கருவில் இந்த முறை 1972-ல் பலித்தது. 1984-ல் ஆஸ்திரேலியாவில், உறைந்திருந்த கருவிலிருந்து ஒரு குழந்தை பிறந்தது.

இரண்டாவது வழி, வேகமான வழி. டாக்டர்கள் இதை 'விட்ரிபிகேஷன்' என்பார்கள். மிகக் காரமான மருந்து நீரில் கருவை ஒரு நிமிஷம் போல வைத்து, மெல்லிய பட்டையின் நுனியில் எடுத்து, நேராகத் திரவ நைட்ரஜனில் முக்குகிறார்கள். கண் மூடித் திறப்பதற்குள் உறைந்துவிடும். தண்ணீருக்குப் பனிக்கட்டி ஆக நேரமே இல்லை. அப்படியே கண்ணாடி ஆகிவிடும். 1985-ல் எலியின் கருவில் இதைச் செய்து காட்டினார்கள். பிறகு ஜப்பானில் குவாயாமா என்பவர், கருவைத் தாங்கும் மெல்லிய பட்டையை உருவாக்கினார். அதன் பிறகுதான் இந்த முறை உலகெங்கும் பரவியது.

எது மேல்?

வேகமான வழிதான் மேல். இதில் இரண்டு பேச்சு இல்லை. நல்ல கைகளில், இந்த முறையில் உறைய வைத்த கருக்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் உயிரோடு திரும்புகின்றன. மெதுவான முறையில் அத்தனை திரும்புவதில்லை.

ஆனால், "நல்ல கைகளில்" என்பதைக் கவனிக்க வேண்டும். மெதுவான முறையில் இயந்திரம் வேலை செய்கிறது. வேகமான முறையில் மனிதன் வேலை செய்கிறான். காரமான மருந்தில் கரு சற்று அதிக நேரம் இருந்துவிட்டால் அந்த மருந்தே விஷம். நுனியில் ஒட்டிய நீர் கொஞ்சம் அதிகமானால் குளிர் வேகம் குறையும். கண்ணாடிக்குப் பதில் பனி விளையும். திரும்ப எடுக்கும்போதும் அதே அவசரம், அதே நிதானம் வேண்டும். ஆகவே, "வேகமான முறைதானே?" என்று கேட்டால் மட்டும் போதாது. "உங்களிடம் உறைய வைத்த கருக்களில் நூற்றுக்கு எத்தனை உயிரோடு திரும்பின?" என்று கேட்க வேண்டும். நல்ல ஆஸ்பத்திரிக்கு அந்தக் கணக்கு விரல் நுனியில் இருக்கும்.

இன்னொரு விஷயம். சில இடங்களில், "எல்லாக் கருக்களையும் உறைய வைத்துப் பிறகு வைத்தால் பலன் அதிகம்" என்று எல்லோருக்கும் ஒரே மருந்துச்சீட்டு எழுதுகிறார்கள். இது சரி அல்ல. சினைப்பையில் நீர்க்கட்டிக் கோளாறு உள்ள பெண்களிடம் சீனாவில் சோதித்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். உறைந்த கருவை வைத்தவர்களில் நூற்றுக்கு 49 பேருக்குக் குழந்தை பிறந்தது. புதிய கருவை வைத்தவர்களில் 42 பேருக்குப் பிறந்தது. அவர்களுக்கு லாபம்தான். ஆனால் கர்ப்ப காலத்து ரத்தக் கொதிப்புத் தொல்லை, உறைந்த கருவை வைத்தவர்களிடம் அதிகம். அந்தக் கோளாறு இல்லாத பெண்களிடம் வியத்நாமில் சோதித்து 2018-ல் வெளியிட்டார்கள். இரண்டிலும் பலன் அநேகமாகச் சமம்! அப்படி இருக்க, தேவை இல்லாதவர் எதற்காகக் காத்திருப்பது? எதற்காகச் செலவு செய்வது?

தொட்டிக்குக் காவல்

எந்த முறையில் உறைய வைத்தாலும், காவல் இல்லாவிட்டால் எல்லாம் வீண். 2018 மார்ச் மாதம் அமெரிக்காவில், ஓஹியோ மாநிலத்து ஆஸ்பத்திரி ஒன்றில் தொட்டியின் குளிர் குறைந்துவிட்டது. எச்சரிக்கை கொடுக்க வேண்டிய ஏற்பாடு அணைந்து கிடந்தது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளும் கருக்களும் பாழாயின. அவற்றில் எத்தனையோ குடும்பங்களின் கடைசி நம்பிக்கை இருந்தது.

காவல் சரியாக இருந்தால் காலம் ஒன்றும் செய்யாது. அதே அமெரிக்காவில் 1992-ல் உறைய வைத்த கருக்களிலிருந்து 2022-ல் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. 1992 என்றால் மெதுவான முறை வழக்கில் இருந்த காலம். கற்கண்டு முறையும் மட்டம் அல்ல என்பதற்கு அந்த இரண்டு பிள்ளைகளே சாட்சி.

முப்பது வருஷம் தாங்கும் என்று இந்தியாவில் யாரும் அசந்துவிடக் கூடாது. 2021-ம் ஆண்டுச் சட்டப்படி, கருவைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அதன் பிறகு அழிய விட வேண்டும். அல்லது தம்பதிகள் சம்மதித்தால் ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம். உறைய வைத்த தேதியையும், பத்தாண்டு முடியும் தேதியையும், கல்யாணப் பத்திரிகை வைத்திருக்கும் பெட்டியிலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம்.